கப்டனுக்குச் சோளகம் பிடிச்ச பங்குனி

காலைப் பிரார்த்தனையிலை பிள்ளையள் தேவாரத்தின்ரை மூண்டாவது வரிக்கு வந்திருப்பினம். பள்ளிக்கூட வாசலாலை ஒரு குதிரை உள்ளுக்கு வந்தது. அதின்ரை கழுத்திலை ஒரு படலை.

படலை எண்டால் ஏதோ சின்னச் சாமான் எண்டு நினையாதேங்கோ. வளவு வாசலை அடைக்கப் பனஞ்சிலாகை அடிச்சு, ரண்டு பேர் சேர்ந்து தூக்கிற படலை. சட்டத்துக்குள்ளாலை தலையை விட்டு, இழுத்துப் பிடுங்கி, கலியாண மாலை மாதிரிப் போட்டுக்கொண்டு வந்து நிண்டது.

பிள்ளையள் பாட்டை நிப்பாட்டேல்லை. தேவாரத்தை இடையிலை விடக்கூடாது எண்டு படிப்பிச்சது நான்தான். ஆனால் பாட்டு நல்ல கெதியாப் போகத் தொடங்கீட்டுது.

குதிரை ஒருத்தரையும் பார்க்கேல்லை. நேரை நூலகச் சுவருக்குப் போச்சு. அந்தச் சுவரிலை, சுற்றுலா வாற ஆக்கள் படம் எடுக்கட்டும் எண்டு ஆரோ ஒரு வெள்ளைக் குதிரை கீறி விட்டிருந்தவை. இவன் போய் அந்தப் படத்தின்ரை பின்பக்கத்திலை மூக்கை வைச்சு மணந்தான். மேல்சொண்டைத் தூக்கிப் பல்லைக் காட்டினான். பேந்து ஒரு கனைப்புக் கனைச்சான், யன்னல் கண்ணாடியெல்லாம் அதிர்ந்தது. படத்திலை இருந்தது திரும்பிப் பார்க்கேல்லை. இவனுக்குக் கோவம் வந்து சுவரைக் கடிச்சான்.

“இது ஆற்றை குதிரை?” எண்டு அதிபர் கேட்டார்.

முந்நூறு கண் என்னைப் பார்த்தது. நானும் எனக்குப் பின்னாலை ஆரும் நிக்கினமோ எண்டு திரும்பிப் பார்த்தன். ஒருத்தரும் இல்லை.

“என்ரை இல்லை, சேர்” எண்டன். “என்ரை மனுசன்ரை.”

வள்ளத்திலை வந்தவர்

காரைநகரிலையிருந்து கஷ்டப் பிரதேசச் சேவை எண்டு மூண்டு வருசத்துக்கு நெடுந்தீவுக்கு வந்த நான், இஞ்சையே ஒருத்தரைக் கட்டி இருபத்தொரு வருசமா மாட்டுப்பட்டுப்போன கதையைப் போன கிழமை எழுதினன். அந்த ஒருத்தர்தான் செல்வராசா. மாடு வளர்க்கிற மனுசன். கதை குறைவு. ஒரு நாளைக்குப் பத்துச் சொல்லுக் கதைச்சால் அதிலை எட்டு மாட்டோடை.

அவற்றை தங்கச்சியின்ரை புருசன் கனடாவிலை இருக்கிறார். எங்கடை தீவிலை வருசப்பிறப்புக்கு நடக்கிற குதிரைச் சவாரியை ஆரோ வட்ஸ்அப்பிலை அனுப்ப, மனுசனுக்கு அங்கை பனிக்குள்ளை இருந்து ஒரு ரோசம் வந்திட்டுது. “அத்தான், எங்கடை குடும்பத்துக்கெண்டு ஒரு குதிரை ஓடவேணும்.”

நெடுந்தீவிலை குதிரைக்கு என்ன பஞ்சம்? தெற்கு வெளி முழுக்க ஒல்லாந்தன் காலத்திலையிருந்து காட்டுக் குதிரையள் மேயுதுகள். அதுகளைப் பிடிக்கவும் ஏலாது, வளர்க்கவும் ஏலாது, அது சட்டம். ஊரிலை வழிவழியா வளர்க்கிற மட்டக் குதிரையள்தான் சவாரி ஓடுறது. மச்சானுக்கு அது காணாது. மலைநாட்டுப் பந்தயத்திலை ஓடின ஒரு உயரமான ஆண் குதிரையை வேண்டி அனுப்பிப்போட்டார்.

குறிகட்டுவானிலையிருந்து சாமான் வள்ளத்திலை, சீமெந்துப் பக்கற்றுக்கும் வெங்காய மூட்டைக்கும் நடுவிலை வந்திறங்கினார் அந்தத் துரை. அண்டைக்குக் கடல் சரியான கொந்தளிப்பு. வள்ளத்திலை வந்த சனம் முழுக்கச் சத்தி எடுத்தது. ஓட்டியும் ஒருக்காச் சத்தி. குதிரை மட்டும் ஆடாமல் அசையாமல் தூரத்தைப் பார்த்துக்கொண்டு நிண்டது. அப்பவே அவனுக்குக் கப்டன் எண்டு பேர் விழுந்திட்டுது.

இறங்கின உடனை, உப்புக்காத்துப் பட்டது தோலுக்குக் கூடாது எண்டு என்ரை மனுசன் ரண்டு வாளி நல்லதண்ணியாலை அவனைக் கழுவினார். நெடுந்தீவிலை நல்லதண்ணி! எனக்குத் தலை முழுக அரை வாளி இல்லை. கழுவேக்கை “என்ரை ராசா, என்ரை குஞ்சு” எண்டும் சொன்னார். நான் குசினிக்குள்ளை நிண்டு கேட்டன். எனக்கு இருபத்தொரு வருசத்திலை “இஞ்சேரும்” தவிர வேறை ஒண்டும் கிடைச்சதில்லை.

காத்து மாறினது

தையிலையும் மாசியிலையும் கப்டன் தங்கம். சொன்னால் நிப்பான், சொன்னால் ஓடுவான். அவனிலை ஏறி ஓடப் பழகினது மீன்பிடிக்கிற றஞ்சன். மெல்லிய ஆள். “ரீச்சர், கண்ணை மூடிக்கொண்டு முதலாமிடம்” எண்டு சொல்லிக்கொண்டு திரிஞ்சவன்.

ஏன் தங்கமா இருந்தான் எண்டு எங்களுக்குப் பேந்துதான் விளங்கினது. எங்கடை வீடு தீவின்ரை வடக்குப் பக்கம். காட்டுப் பெட்டைக் குதிரையள் நிக்கிறது தெற்கு வெளியிலை. வாடைக்காத்து அடிக்குமட்டும் அதுகளின்ரை மணம் அங்காலை கடலுக்குப் போகும். பங்குனியிலை சோளகக் காத்து எட்டிப் பார்த்துது பாருங்கோ, தெற்கிலையிருந்து அவ்வளவு மணமும் நேரை எங்கடை வளவுக்கு வந்து சேர்ந்தது.

முதல்நாள் கப்டன் புல்லுத் தின்னேல்லை. ரண்டாம் நாள் வளவைச் சுத்திச் சுத்தி நடந்தான். மூண்டாம் நாள் வேலியை இடிச்சான்.

எங்கடை வேலியள் முருகைக்கல்லைச் சும்மா அடுக்கிக் கட்டினது. சாந்து, சீமெந்து ஒண்டுமில்லை. ஆடு மாட்டுக்கு அது காணும். காதல் வந்த குதிரைக்கு அது வேலியே? ஒரு கிழமையிலை மூண்டு வீட்டு வேலி படுத்திட்டுது.

பக்கத்து வளவுக் கந்தையா அண்ணை வந்து பார்த்தார். அவர் மாட்டுவண்டிச் சவாரியிலை பேர் போன ஆள், சவாரிக் குழுவுக்கும் தலைவர். அவருக்கு உலகத்திலை தெரிஞ்ச சாமான் ஒண்டுதான், சவாரி ஓடுற நாம்பன் மாடு. ஆனால் அதை வைச்சு எல்லாத்தையும் விளங்கப்படுத்துவார்.

“நாலு காலிலை நிக்கிறதெல்லாம் நாம்பன்தான் தம்பி. இவனுக்குச் சூடு தலைக்கேறிப்போச்சு. நல்லெண்ணெய் வைச்சு முழுக வாரும்.”

என்ரை மனுசன் சொன்னபடி கேட்டார். அடுத்தநாள் விடியக் காலமை ஒரு போத்தல் நல்லெண்ணெயைத் தலையிலையிருந்து வால் மட்டும் தேய்ச்சு, சீயாக்காய் அவிச்சு வைச்சிட்டு, ஊறட்டும் எண்டு அரை மணித்தியாலம் விட்டார். அந்த நேரம் பார்த்துச் சோளகம் ஒருக்கா வீசினது. ஐயோ! நாலு ஆம்பிளையள் பிடிச்சும் பிடி நிக்கேல்லை. கயிறு வழுக்கினது, கை வழுக்கினது, கப்டன் கையிலை பிடிச்ச விலாங்கு மாதிரி வழுவிப் போட்டான். முதுகிலை தொத்தின றஞ்சன் வாலாலை இறங்கினான். குதிரை கீழை தள்ளினதும் இல்லாமல் குழியும் பறிச்சுதாம் எண்டு சொல்லுவினம். அண்டைக்குத்தான் அதைக் கண்ணாலை கண்டன். விழுந்தவனுக்குப் பக்கத்திலை ரண்டு காலாலையும் மண்ணைக் கிண்டி எறிஞ்சிட்டு, நாலாவது வேலியை இடிச்சுக்கொண்டு போனான்.

நாலாவது வேலி கந்தையா அண்ணையின்ரை. அந்த ஓட்டத்தின்ரை முடிவிலைதான், நான் வெளிக்கிட்டுப் பள்ளிக்கூடம் போய்ச் சேர்ந்த பிறகு, அவன் அவற்றை படலையை மாட்டிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கு வந்தது.

வாக்கு

அண்டைக்குப் பின்னேரமே சவாரிக் குழு கூடினது. எண்ணெய் யோசினை தன்ரை எண்டது கந்தையா அண்ணைக்கு அடியோடை மறந்து போச்சு.

“பள்ளிக்கூடத்துக்கை வந்து நிக்குது. நாளைக்கு ஒரு பிள்ளையை உதைச்சால் ஆர் பொறுப்பு? நலமடிச்சு விடவேணும். ஆண்மை போனால் அடங்கீடும்.”

அவர் சொன்னதிலை பிழை இல்லை. அந்தப் பிள்ளையளைப் படிப்பிக்கிறவளும் நான்தான்.

என்ரை மனுசன் சால்வையை உதறித் தோளிலை போட்டார். பேந்து எழும்பினார். “வருசச் சவாரி மட்டும் தாங்கோ, அண்ணை. அதுவரைக்கும் நான் அவனை வெளியிலை விடன். அண்டைக்கு அவன் கோட்டிலையிருந்து கோட்டுக்கு நேரை ஓடினால் அவனை இப்பிடியே விடவேணும். ஓடாட்டில், அடுத்தநாள் வள்ளத்திலை மாட்டு டொக்டர் வரட்டும். நானே பிடிச்சுத் தாறன்.”

அவர் ஒரே மூச்சிலை அவ்வளவு கதைச்சதை நான் முந்திக் கேட்டதில்லை.

வீட்டை வந்து அவர் சாப்பிடேல்லை. பிட்டுக் கோப்பையைத் தள்ளி வைச்சார். “என்னப்பா, ஒரு குதிரைக்கு இவ்வளவு துக்கமே?” எண்டு ஏசினன்.

“எனக்குத்தான் ஒரு பிள்ளை இல்லாமல் போச்சு” எண்டார். “அவனுக்கும் ஏன்?”

எங்களுக்குப் பிள்ளையள் இல்லை. இவ்வளவு கிழமையா எழுதிறன், இதை எழுத மனம் வரேல்லை. ஆஸ்பத்திரி, கோயில், நேர்த்தி எல்லாம் முடிஞ்சு, அதைப் பற்றிக் கதைக்கிறதையும் விட்டு எவ்வளவோ வருசம். அந்த மனுசன் அதை மறந்திட்டார் எண்டுதான் நான் நினைச்சுக்கொண்டிருந்தன். “விசர்க் கதை கதையாதேங்கோ” எண்டு சத்தம் போட்டிட்டு, குசினிக்குள்ளை போய் நல்லா அழுதன்.

அலுமாரியிலை பதினாலு போத்தல்

எனக்கு யோசினை வந்தது ஒரு தடிமலிலைதான். மூக்கைச் சுத்தித் தைலம் பூசிக்கொண்டு சமைக்கிறன், அடுப்பிலை சோறு அடிப்பிடிச்சுக் கருகி, மனுசன் கிணத்தடியிலையிருந்து ஓடி வாறார். எனக்கு மணக்கவே இல்லை.

“இஞ்சேருங்கோ, கப்டன்ரை மூக்குக்கும் பூசினால் என்ன?”

தீவுச் சனத்திட்டை எது இல்லாட்டிலும் தைலம் இருக்கும். வெளிநாட்டிலையிருந்து ஆர் வந்தாலும் சொக்கிலேற்றும் தைலமும்தான் கொண்டு வருவினம். சொக்கிலேற் முடிஞ்சிடும், தைலம் கிடக்கும். எங்கடை அலுமாரியிலை பதினாலு போத்தல்.

ரண்டு விரலாலை எடுத்து அவன்ரை மூக்குத் துவாரத்துக்குள்ளை பூசினன். தும்மினான். கண்ணாலை தண்ணி ஓடினது. பேந்து தலையைக் குனிஞ்சு புல்லுத் தின்னத் தொடங்கினான். பத்து நாளைக்குப் பிறகு! என்ரை மனுசன் என்னைத் திரும்பிப் பார்த்தார். தாலி கட்டின அண்டைக்கும் அப்பிடிப் பார்க்கேல்லை.

அதுக்குப் பிறகு எங்கடை வீட்டிலை அதுதான் வேலை. காத்துத் திரும்பினால் அவர் வளவிலை நிண்டு “இஞ்சேரும், சோளகம்!” எண்டு கத்துவார். நான் போத்தலோடை ஓடுவன். கொப்பி திருத்திக்கொண்டிருந்தாலும் ஓடுவன். பதினாலும் முடிய, அயலட்டை தந்தது. கந்தையா அண்ணையின்ரை மனுசி புவனமக்கா முழங்காலுக்கு வைச்சிருந்த அரைப் போத்தலை, அவருக்குத் தெரியாமல் சீலைக்குள்ளை ஒளிச்சுக் கொண்டுவந்து தந்தா. “பாவம் பிள்ளை, அவனும் ஒரு சீவன்தானே.”

ஒண்டை மட்டும் நான் கவனிச்சிருக்க வேணும். கடைசிக் கிழமை, போத்தல் மூடி திறக்கிற சத்தத்துக்கே கப்டன்ரை காது நிமிரும். முன்னங்காலைத் தூக்கித் தூக்கி வைப்பான். நாங்கள் அவனுக்கு நன்றியுணர்ச்சி எண்டு நினைச்சம்.

பிரதம விருந்தினர்

வருசத்தண்டு காத்தே இல்லை. ஒரு வடலி ஓலை அசையேல்லை. “கடவுள் இருக்கிறார்” எண்டார் என்ரை மனுசன். தைலம் தேவைப்படேல்லை. கப்டனைக் கழுவித் திருநீறு பூசிச் சவாரித் திடலுக்குக் கொண்டு போனம். கனடாவிலை மச்சான் நித்திரை முழிச்சு வட்ஸ்அப்பிலை பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆறு குதிரை. அஞ்சு மட்டம், ஒண்டு கப்டன். கோடு கீறி, கொடி அசைச்சவுடனை அவன் போன போக்கிருக்கே, அப்பிடி ஒரு ஓட்டத்தை நான் கண்டதில்லை. நேரை. சட்டம் வைச்சுக் கோடு கீறின மாதிரி நேரை. அரைவாசித் தூரத்திலை மற்றக் குதிரையள் புழுதிக்குள்ளை தெரியேல்லை. என்ரை மனுசன் என்ரை கையைப் பிடிச்சார். சனத்துக்கு முன்னாலை.

முடிவுக் கோட்டுக்குக் கிட்டப் பந்தல். பந்தலுக்குள்ளை பிரதம விருந்தினர், கொழும்பிலை பெரிய பதவியிலை இருந்து ஓய்வு பெற்றவர். மனுசன் காலமை வள்ளத்திலை வந்ததிலையிருந்து தலைச்சுத்து. பாவம் எண்டு எங்கடை பெண்டுகள் ஆளுக்காள் தைலம் கொண்டு போய் நெத்தி, கழுத்து, நெஞ்சு எண்டு தடவி, கைலேஞ்சியையும் நனைச்சுக் குடுத்திருக்கினம். ஊரிலை எங்களிட்டைத் தப்பின தைலம் முழுக்க அந்த மனுசனிலை.

பந்தலுக்கு நேரை வரேக்கை கப்டன்ரை காது நிமிர்ந்தது.

“அட கடவுளே” எண்டன்.

அவன் திரும்பினான். றஞ்சன் நேரை போனான், கப்டன் பந்தலுக்குப் போனான். விருந்தினர் எழும்பிக் கதிரைக்குப் பின்னாலை ஓட, இவனும் பின்னாலை. உதைக்கேல்லை, கடிக்கேல்லை. அவரைத் தூணோடை மறிச்சு, தோளிலை தலையைச் சாய்ச்சு, மேல்சொண்டைத் தூக்கிக்கொண்டு, அடித்தொண்டையாலை ஒரு சத்தம் போட்டான் பாருங்கோ. வயசுக்கு வந்த பிள்ளையளை அங்காலை கூட்டிக்கொண்டு போச்சினம்.

“பார்வையாளர்கள் அமைதி காக்கவும். பிரதம விருந்தினர் பரபரப்படைய வேண்டாம்” எண்டு ஒலிபெருக்கியிலை அறிவிச்சினம். மனுசன் பரபரப்படையிற கட்டத்தைத் தாண்டிக் கண்ணை மூடிக்கொண்டு நிண்டார்.

முதலாமிடம் ஒரு மட்டக் குதிரைக்குப் போச்சு. விருந்தினர் நல்லவர். பரிசு குடுக்கேக்கை, “இந்தத் தீவு மக்களின் அன்பை நான் என்றும் மறவேன்” எண்டு பேசினார். மாலையிலை பாதிதான் கழுத்திலை இருந்தது. மற்றப் பாதியைக் கப்டன் திண்டிட்டான்.

கந்தையா அண்ணை எங்களிட்டை வந்தார். சிரிப்பார் எண்டு நினைச்சன், சிரிக்கேல்லை. “தம்பி, இது கணக்கிலை வராது. இன்னொருக்கா ஓடிப் பாப்பம்.”

“இல்லை அண்ணை. சொன்னது சொன்னதுதான்.”

உக்காத கயிறு

வருசச் சாப்பாடு சமைச்சபடி கிடந்தது. மனுசன் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திட்டார். ஊரே உண்ட களையிலை நித்திரை. வெயில் கொளுத்துது. அப்பத்தான் வேம்பு மெல்ல அசைஞ்சது. சோளகம்.

கப்டன் வளவிலை தெற்கைப் பார்த்துக்கொண்டு நிண்டான்.

வாக்குக் குடுத்தது என்ரை மனுசன். நான் ஒருத்தருக்கும் ஒரு வாக்கும் குடுக்கேல்லை. ஊர் நித்திரை, பள்ளிக்கூடம் லீவு, வழியிலை ஒரு பிள்ளை இல்லை. இதையெல்லாம் யோசிச்சிட்டுத்தான் போய்ப் படலைக் கயிறை அவிட்டன். “கெதியாப் போட்டு வா” எண்டன். என்ரை சத்தம் எனக்கே வேறை ஆற்றையோ சத்தம் மாதிரிக் கேட்டுது. அவன் ஓடேல்லை. வடிவா நடந்து போனான், ஒரு வேலியையும் இடிக்காமல்.

அடுத்தநாள் விடிய, வள்ளம் வரமுதல், தானா வந்து படலையடியிலை நிண்டான். உடம்பெல்லாம் சேறு, தோளிலை ஒரு கடிகாயம். முகத்திலை அப்பிடி ஒரு அமைதி.

“கயிறு அவிண்டு கிடக்கு” எண்டார் என்ரை மனுசன்.

“உக்கின கயிறுதானே” எண்டன்.

“புதுக் கயிறு” எண்டார். அதுக்கு மேலை கேக்கேல்லை. இந்தப் பேப்பரை அவர் ஒவ்வொரு கிழமையும் வாசிக்கிறவர். ஓம் அப்பா, நான்தான்.

டொக்டர் பிள்ளை வந்தா. தைலக் கதையைக் கேட்டு, சிரிச்சுச் சிரிச்சுக் கண்ணைத் துடைச்சா. “ரீச்சர், பெட்டைக் குதிரை மணக்கிற நேரமெல்லாம் தைலம் பூசியிருக்கிறியள். அவனுக்குத் தைலம் எண்டால் பெட்டை எண்டு நீங்கள்தான் படிப்பிச்சனீங்கள்.” இருபத்தொரு வருசம் படிப்பிச்சதிலை, சொல்லிக் குடுத்ததை ஒண்டும் விடாமல் பிடிச்ச ஒரே மாணவன்.

ஊசி போட்டு வேலை முடிய அரை மணித்தியாலம். என்ரை மனுசன் சொன்ன மாதிரித் தானே தலையைப் பிடிச்சுக்கொண்டிருந்தார். கந்தையா அண்ணை எட்டிப் பார்க்கேல்லை. எங்கடை ஆளை ஒரு கல்லும் தூக்க விடாமல், இடிஞ்ச நாலு வேலியையும் அவரே அடுக்கி முடிச்சார். கப்டன் அதுக்குப் பிறகு அடக்கமெண்டால் அப்பிடி ஒரு அடக்கம்.

தட்டம்

அடுத்த பங்குனி. கந்தையா அண்ணை மாடு தேடித் தெற்கு வெளிக்குப் போனவர், பாதியிலை திரும்பி எங்கடை வளவுக்கு வந்தார். மூச்சு வாங்கினது.

“தம்பி செல்வம், வாரும். ஒரு குட்டி நிக்குது. ரண்டு நாள்தான் இருக்கும். கால் என்ன நீளம்! தாயின்ரை வயித்துக்குக் கீழை குனிஞ்சு பால் குடிக்க ஏலாமல் தத்தளிக்குது.”

ரண்டு பேரும் மோட்டார்சைக்கிளிலை போச்சினம். என்ரை மனுசன் திரும்பி வரேக்கை சங்கக் கடையிலை இறங்கிக் கற்கண்டு வேண்டிக்கொண்டு வந்தார். அலுமாரியைத் திறந்து, கலியாணத்துக்குப் பிறகு எடுக்காத வெள்ளித் தட்டத்தை எடுத்தார். வேட்டி சால்வை கட்டினார்.

“எங்கை வெளிக்கிடுறியள்?”

“ஊருக்குச் சொல்ல வேணுமெல்லே.”

“விசரோ உங்களுக்கு? சனம் சிரிக்கும்.”

“சிரிக்கட்டும். இஞ்சேரும், நீரும் வாரும்.”

என்ன செய்யிறது? சீலையை மாத்திக்கொண்டு பின்னாலை போனன். முதல் வீடு கந்தையா அண்ணை வீடு. புவனமக்கா ஈரக் கையைச் சீலையிலை துடைச்சுக்கொண்டு வந்தா. தட்டத்தைப் பார்த்தா, வேட்டியைப் பார்த்தா. நான் பல்லைக் கடிச்சுக்கொண்டு நிண்டன். அவ சிரிக்கேல்லை. ஒரு கற்கண்டு எடுத்து வாயிலை போட்டா.

“ஆம்பிளையோ, பொம்பிளையோ?”

“பொம்பிளைப் பிள்ளை” எண்டார் என்ரை மனுசன்.

அக்கா என்ரை பக்கம் திரும்பினா. “தாய்க்குச் சுகமோ, பிள்ளை?”

“சுகம் அக்கா” எண்டன். “எழும்பி நடக்குது.”